கல்யாணக் காரை விற்கக் கோபர்க் போனோம்

போன மாதம், செப்டெம்பரில், ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஏரிக்கரை ஊரான கோபர்க் வரை ஒரு பழைய அமெரிக்கக் காரில் போய், ரயிலில் திரும்பி வந்தோம். காரை விற்பதற்காகப் போன பயணம் அது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் இதுவரை எழுதியதெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாகப் போன இடங்களைப் பற்றித்தான். "அண்ணை உங்களோடை வாறேல்லையோ?" என்று என் கணவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் பதில் போட்டதில்லை. அண்ணை வரமாட்டார். சனி, ஞாயிறு என்றால் அவருக்குக் கல்யாணம். அதாவது, ஊரார் கல்யாணம்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்ன கம்பனி, எந்த ஆண்டு என்று எழுதினால் கார்ப் பைத்தியங்கள் பின்னூட்டத்தில் சண்டைக்கு வந்துவிடுவார்கள், ஆகவே அது வேண்டாம். நீளமான முன்பக்கம், எட்டு சிலிண்டர் எஞ்சின், கையால் திறந்து மூடும் துணிக்கூரை. இரண்டே கதவுகள். வாங்கியபோது துருப்பிடித்துக் கிடந்தது. என் கணவர் குகன் அதற்கு வேறு எஞ்சின் வைத்து, புது பிரேக் போட்டு, குங்குமச் சிவப்புப் பூசி, மாலை கட்டுவதற்கென்று சுற்றிவரக் கொழுக்கியும் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் வைத்து அதை ஆறு அங்குலம் உயர்த்தினார். பொம்பிளை, மாப்பிள்ளை இருவரும் மாலையோடும் தலைப்பாகையோடும் வீடியோவில் முழுதாகத் தெரிய வேண்டுமாம். பதினொரு வருடம் ஸ்காபரோ, மார்க்கம் மண்டபங்களுக்கெல்லாம் அந்தக் கார் போனது. ஓட்டியது எப்போதும் இவர்தான்.

இப்போது வலது தோளில் அறுவைச் சிகிச்சை முடிந்து, கூரையை இழுத்து மூட இவருக்கு ஏலாது. நவம்பரில் நாங்கள் மார்க்கத்தில் ஓர் அப்பார்ட்மென்டுக்குப் போகிறோம். அங்கே நிலத்தடியில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம். குளிர் தொடங்கிவிட்டால் கூரை திறக்கும் காரை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆக, செப்டெம்பருக்குள் விற்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வசந்தம் வரை மாதம் நூற்றெண்பது டொலருக்கு எங்கேயாவது வாடகைக்கு நிறுத்த வேண்டியிருக்கும்.

விளம்பரம் போட்டது நான். வந்தவர்களை விரட்டியது இவர். பிராம்டனிலிருந்து ஒருவர், யூனியன்விலிலிருந்து ஒருவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி எங்கே நிறுத்துவீர்கள், தண்ணி அடிப்பீர்களா என்று விசாரணை. இரண்டு பேருமே பின் சீட்டைப் பழையபடி இறக்கப் போவதாகச் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

"உவங்களுக்குக் குடுக்கேலாது. நான் உயத்தினதை இறக்கிறதெண்டால் பிறகென்னத்துக்கு இந்தக் கார்?"

மூன்றாவதாகப் பேசியவர் நஸீர். கல்முனைக்காரர். கோபர்க்கில் வீடு வாங்கிப் போய்க் குழாய் வேலை செய்கிறார். அவரும் தொலைபேசியில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். "அக்கா, எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள். அதுகள் பின்னுக்கு இருக்கணும், மழைக்குத் தலையில இடிக்காமக் கூரையையும் மூடணும். சீட்டை இறக்கலாந்தானே?" ஓம், தாராளமாக இறக்கலாம் என்று சொல்லிவிட்டேன். இவருக்கு அதைச் சொல்லவில்லை. அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலை எட்டரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணித்தியாலம்தான். ஆனால் கூரை திறந்த காரில் லொறிகளுக்கு நடுவே போவது மண்டைக்கு நல்லதல்ல. கிங்ஸ்டன் ரோட்டைப் பிடித்தால் அதுவே ரூஜ் ஆற்றைத் தாண்டி, பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று பழைய நெடுஞ்சாலையாகப் போகும். சுமார் நூறு கிலோமீற்றர். ஒஷாவா வரை சிக்னலுக்கு மேல் சிக்னல், பொறுமை வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்துக் காரில் இருப்பவர் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். இவரும் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். எனக்குக் கழுத்து வலித்தது அவருக்குப் பதிலாக.

ஏஜாக்ஸில் பெற்றோல் அடித்தோம், அறுபத்திரண்டு டொலர். இந்தக் கார் குடிக்கிற குடிக்கு அது போதவும் போதாது. அங்கே ஒரு பிள்ளை, முப்பது வயது இருக்கும், கைக்குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அங்கிள்! என்ட வெடிங்குக்கு இந்தக் கார்தான் வந்தது. ஓ மை கோட், நீங்கதான் ட்ரைவ் பண்ணினீங்கள்!"

இவருக்கு முகமெல்லாம் பல். "எப்பிடி இருந்தது பிள்ளை?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "வீடியோ சூப்பராய் வந்தது, அங்கிள்."

"பாத்தீரோ?" என்று என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்குக் காரின் பெருமையைத் தவிர வேறு பேச்சில்லை.

போமன்வில்லில் மழை. ஒரு கடையின் தாழ்வாரத்தோடு நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையை இழுத்தோம். அவர் ஒற்றைக் கையால், நான் இரண்டு கையால். பாதித் தலை நனைந்துவிட்டது. கோப்பி இரண்டும் ஒரு மஃபினும் எட்டு டொலர் சொச்சம். முக்கால் மணித்தியாலத்தில் வெயில் வந்துவிட, மறுபடியும் திறந்தோம். நியூகாசில் தாண்டினால்தான் இந்தப் பாதை உண்மையில் அழகு. இரண்டு பக்கமும் வயல், அங்கங்கே வீட்டு வாசலில் ஆப்பிள் கூடை. ஏழு டொலருக்கு ஒரு கூடை வாங்கினோம். போர்ட் ஹோப்பில் தெரு மலையிலிருந்து சறுக்கி இறங்குகிற மாதிரிக் கீழே போகும். பிரேக் நல்லதாக இல்லாவிட்டால் அந்த வழியை மறந்துவிடுங்கள். வழியில் இவர் அதிகம் பேசவில்லை. நான்தான் அது என்ன, இது என்ன என்று பேசிக்கொண்டு வந்தேன். இப்படிப் பக்கத்தில் இருந்து ஊர் பார்க்கப் போவோம் என்று எத்தனை கோடை ஆசைப்பட்டேன்! அது காரை விற்கப் போகிற அன்றுதான் நடந்தது. கோபமும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னே நஸீர் வீடு. அவருடைய மனைவி பரீனா சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்று, கடைசியில் வட்டிலப்ப இனிப்பும் தந்துதான் எழும்ப விட்டார்.

"அண்ணன், ஒருக்கா ஓட்டிப் பாக்கவா?" என்றார் நஸீர். "நீங்களும் அக்காவும் பின்னுக்கு ஏறுங்க. பரீனா முன்னுக்கு இருக்கட்டும்."

ஏறினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பதினொரு வருடத்தில் நாங்கள் இருவரும் அந்தச் சீட்டில் இருந்ததில்லை. அது மணமக்கள் இடம். பூவிதழும் குங்குமமும் துடைப்பதற்கு மட்டும் நான் அதற்குள் ஏறியிருக்கிறேன்.

தெருவில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. நஸீர் பெரிய வீதியில் ஏறி அறுபதைத் தொட்டார். அவ்வளவுதான். முன்கண்ணாடிக்கு மேலால் வந்த காற்று நேராக முகத்தில் அறைந்தது. கால் தரையில் முட்டவில்லை. காரின் பக்க விளிம்பு இடுப்புக்குக் கீழே கிடந்தது. ஒரு வளைவு வந்ததும் நான் வெளியே போய் விழப் போகிறேன் என்றே நினைத்து இவருடைய நல்ல கையைப் பிடித்தேன். இவர் அதே கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"நிப்பாட்டுங்கோ தம்பி!" என்று இவர் கத்தினார்.

நஸீர் பயந்துபோய் ஓரமாக நிறுத்தினார். எல்லாம் குழம்பிவிட்டது, வசந்தம் வரை இந்தக் காரோடு மாரடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். இவர் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதிலை இருந்தோ அவ்வளவு பேரும் சிரிச்சுக்கொண்டு போனவை?"

கையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

"ஒருத்தரும் எனக்கொரு வார்த்தை சொல்லேல்லையே."

"கல்யாணத்தண்டு ஆர் சொல்லுவினம்? வீடியோவிலை நல்லாத்தானே வந்தது," என்றேன். குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குக் குத்தியிருக்கும். முகம் வாடிப்போய் நின்றவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் நஸீர் தயங்கித் தயங்கி, "அண்ணன், அந்தச் சீட்டு விஷயம் நான் அக்காட்ட..." என்று தொடங்கினார். இவர் முடிக்க விடவில்லை. "ஸ்பனர் வைச்சிருக்கிறியளோ? நானே கழட்டுறன். வேறை ஆரும் கை வைச்சால் அடித்தகட்டைப் பழுதாக்கிப் போடுவினம்."

எட்டு போல்ட். இடது கையால்தான் எல்லாம். நஸீர் உதவிக்கு வந்தபோது வெளிச்சம் பிடிக்க மட்டும் விட்டார். சட்டத்தை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, புல்லில் வைத்தார். சீட்டைப் பழைய இடத்தில் இறுக்கினார். ஒரு மணித்தியாலம் போனது. சட்டத்தை என்ன செய்வது என்று நஸீர் கேட்க, "தக்காளிக் கண்டுக்கு முட்டுக் குடுங்கோ," என்றார்.

விலையைச் சொல்ல மாட்டேன். என் மச்சாள்மார் இதை வாசிக்கிறார்கள். இப்படி ஒரு காரை விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: வாகனத்தின் பழைய பதிவுகள் அடங்கிய அரசாங்கத் தகவல் பொதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், வாங்குபவர் அதைக் கட்டாயம் கேட்பார். நம்பர் தகடு உங்களுடையது, மறக்காமல் கழற்றி எடுங்கள். நஸீர் தன் தகட்டையும் இன்சூரன்ஸையும் தயாராக வைத்திருந்தார். மாற்றி வைத்தது எதையும் ஒளிக்காதீர்கள். வங்கி டிராஃப்டை வங்கி திறந்திருக்கும் நேரத்தில் வாங்கிச் சரிபார்த்தால் நிம்மதி. மழைச் சட்டை இரண்டு கொண்டு போங்கள். திரும்பி வர, கோபர்க்கிலிருந்து ஸ்காபரோவின் கில்ட்வூட் நிலையத்துக்கு ரயில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சிலதான், ஆகவே போகும்முன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஆளுக்கு முப்பத்தெட்டு டொலர். முக்கியமானது இது: விற்க முன்னர் உங்கள் காரின் எல்லாச் சீட்டிலும் ஒரு தடவையாவது இருந்து பாருங்கள்.

ரயிலடிக்கு நஸீர்தான் கொண்டுபோய் விட்டார். புதுத் தகட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை இவரிடம் நீட்டினார். "கடைசியா ஒருக்கா நீங்களே ஓட்டுங்க அண்ணன்."

இவர் சாவியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. நீங்கள் ஓடுங்கோ. நாங்கள் பின்னுக்கு இருக்கிறம்."

முன் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, "ஏறும்," என்றார். இறக்கிய சீட்டில் கால் தரையில் நன்றாக முட்டியது. தோள் வரைக்கும் கார் எங்களை மூடியிருந்தது. தெருவில் போனவர்கள் காரைப் பார்த்தார்கள். எங்களை யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. இவர் தன் கையை எனக்குப் பின்னால் சீட்டின் மேல் நீட்டி வைத்தார். நஸீர் வீட்டிலிருந்து ரயிலடி ஐந்து நிமிட ஓட்டம்தான். முதல் சந்தி வந்ததும் இவர் முன்னால் குனிந்தார்.

"தம்பி, ஏரிப் பக்கத்தாலை சுத்திக்கொண்டு போவமோ? இவ அதைப் பாக்கேல்லை."