லாடம் கட்டிய மோட்டார் சைக்கிள்

என் தாய்மாமனை நினைத்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டயரைத் தடவிய காட்சிதான் முதலில் வருகிறது. எழுபதுகளின் பிற்பகுதி, ஆரணியில் ஒரு டயர் கடை, ஐப்பசி பிறந்த சமயம். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி முகூர்த்தப் புடவையைத் தாய்மாமன்தான் தன் கையால் கொண்டுவந்து தர வேண்டும். அந்தப் புடவையோ முள்ளிப்பட்டில் தறியில் கிடந்தது. மழை பிடித்தால் அந்த ஊர் மண் ரோடு களியாகக் குழைந்துவிடும். எனவே, யாரோ ஓட்டி அலுத்த மோட்டார் சைக்கிளை வாங்கி வைத்திருந்த மாமா, அதற்குப் பின் டயர் மாற்ற என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கடைக்காரர் இரண்டு டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் கட்டை கட்டையாகப் பட்டன்கள். மற்றதில் மெல்லிய கோடுகள் மட்டும். மாமா பிறந்ததிலிருந்து பட்டோடு புழங்கியவர். நூலோ புடவையோ, கண்ணை மூடி உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். எங்காவது தட்டினால் அது மட்டச் சரக்கு. அதே பரீட்சையை டயருக்கும் வைத்தார். பட்டன் டயர் முதல் தடவலிலேயே தோற்றுப்போனது.

“இன்னாபா இது, பலாப்பழத்த தோலோட குட்த்த மாதிரி? அத்த எடு. இதான் சரக்கு.”

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உராய்வு என்ற பாடம் அப்போதுதான் நடந்திருந்தது. வழவழப்பான டயர் சேற்றில் பிடிக்காது என்று கடைக்காரரின் சாக்பீஸை வாங்கித் தரையில் படம் போட்டு விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படம் நல்லாகீது மாப்ள” என்றார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோடு போட்ட டயரை மாட்டினார்.

மழை வந்தது. வந்தது விடவில்லை. தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி நெசவு நின்றுபோனது. புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மாமா புறப்பட்டார். சேவூர் தாண்டி மண் ரோட்டில் இறங்கியதுமே, பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி, மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு வயலுக்குள் அவரோடு படுத்துக்கொண்டது. களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், “அண்ணே, நாங்க ஏற்கெனவே நட்டுட்டோம். உழுதது போதும், ஏறி வாங்க” என்றார்களாம்.

சேறும் சகதியுமாக வந்து நின்ற தம்பியைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பேஜார் பண்ணாதடா. பேசாம மாட்டு வண்டியில போய் எட்த்துகினு வா.”

மாமா வாசலில் நின்ற மாட்டையே உற்றுப் பார்த்தார். “யக்கா, மாடு வழுக்கி வுழுந்து பாத்துகிறியா? ஏன் வுழல? லாடம்!”

சந்தைமேட்டில் மாடுகளுக்கு லாடம் கட்டுகிறவர் மோட்டார் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார். “படுக்க வெச்சுக் கட்டணுங்களா, நின்னபடியே அடிச்சுக்குமா?” என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. “ஒதைக்காது. தைரியமா அடி” என்றார். கழற்றிய டயரின் உள்பக்கமிருந்து ஆணிகளை அடித்து, முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். ஆணித்தலை டியூபைக் கிழிக்காமல் இருக்க நடுவில் பழைய சைக்கிள் டயரை வெட்டி வைக்கலாம் என்றேன். “இப்பதான் காலேஜு வேலைக்கு ஆச்சு” என்றார் மாமா.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மழை விட்டது. தறிக்குழித் தண்ணீரை இறைத்து இறைத்து நெய்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்தாயிற்று என்று சேதி வந்தது. அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தாம்பாளத்தில் வைத்து அதைத் தர வேண்டும். தவறினால் சபையில் மாமாவின் தலை நிமிராது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆணி டயர் சேற்றைக் கவ்விக் கவ்விப் பாய்ந்தது. போன தடவை படுத்த இடத்தைத் தாண்டும்போது மாமா அந்த வயலைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

முள்ளிப்பட்டில் வெயில் கண்டதும் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். குச்சிகள் மேல் பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு மினுமினுத்துக்கொண்டிருந்தன. ஆணிச் சக்கரத்தைப் பார்த்ததும் தெருவே கூச்சல் போட்டது. “யோவ், அங்கியே நிறுத்து! அது வண்டியா, முள்ளுப் பன்னியா?” தெருமுனையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். புடவையைக் கொடுக்க வந்த நெசவாளியின் மனைவி என் முதுகைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஒரு காணி சேறு கீது தம்பி உன் முதுகுல. இந்த வண்டியிலயா பொடவ போவப் போவுது?”

ஆணி வாரியடித்த சேற்றில் கேரியர் கண்ணுக்கே தெரியவில்லை. முன்பக்கமும் அதே கதிதான். என் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். “தாய்மாமன் நானா, நீயா?” என்றார் மாமா. புடவையை வேட்டியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு பித்தானைப் போட்டார். நிறைமாத வயிறு. வழியெல்லாம், “வயித்தப் புடிக்காத மாப்ள, தோளப் புடி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சேற்றில் சிங்கமாக வந்த டயர், எங்கள் வீட்டு வாசலில் கழுவிவிட்ட கருங்கல் தளத்தில் ஏறியதும் இரும்புமேல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கியது. மாமா ஹாண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தார். நான் அவருக்கு மெத்தையானேன். பந்தலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் எழுந்து நின்றது. அவர்களில் வயதான ஒரு அம்மாள் குனிந்து அந்த வயிற்றைப் பார்த்து, “ஐயோ, இன்னாய்யா ஆச்சு?” என்றார்.

மாமா படுத்தபடியே கை கூப்பினார். “ஒண்ணுமில்லீங்கம்மா. பொடவதான். சுகப் பிரசவம்.”

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. அம்மா ஓடிவந்து, தம்பியைத் தூக்காமல், முதலில் அவர் சட்டைப் பித்தானைக் கழற்றினாள். அரக்குச் சிவப்பில் ஒரு கசங்கல், ஒரு பொட்டுச் சேறு இல்லை. அக்கா சபையில் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “இன்னும் சூடா கீது மாமா” என்றாள். அந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது அந்த ரோட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். முகூர்த்தப் புடவைகள் அட்டைப் பெட்டிக்குள் டவுன் பஸ்ஸில் வந்துவிடுகின்றன. நல்ல புடவைகள்தான். கையில் வாங்கினால் ஜில்லென்று இருக்கின்றன.