வாசலில் நின்று கூப்பிடும் பெயர்

“வாசலுக்குப் போய் நில்லுங்க சார். பிள்ளை வெளியில விளையாடுது, எவ்வளவு சொல்லியும் உள்ள வரல. கூப்பிடுங்க பார்ப்போம்.”

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னலில் இருக்கும் அந்த அம்மாள், பெயர் சேர்க்க வரும் ஒவ்வொரு தகப்பனையும் இப்படித்தான் அனுப்புகிறார். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே வாசல்வரை போய், தூங்குகிற கைக்குழந்தையின் பெயரை வெற்று வராந்தாவை நோக்கிக் கத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவேடு திறக்கும். விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்றும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் ஏற்றும் தற்காலிக ஊழியன் நான். வீட்டில் முதல் பட்டதாரி என்பதாலோ என்னவோ, அச்சில் இருந்தால்தான் எதையும் நம்புகிறேன்.

எல்லாரும் அவரைக் ‘கூப்பிடு மேடம்’ என்கிறார்கள், அவர் காதுபடவே. “பேர்னா இது. ஒரு தடவை கேட்டா மறக்குமா?” என்று சிரிப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருக்கிறார். எழுதுவதற்கு முன் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார், உப்பு சரியா என்று ருசி பார்ப்பதுபோல.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டு வருகிறார். இந்த ஆண்டு முன்னால் நிற்பது தன்விகா, நாற்பத்தொரு கோடு. “டீச்சர் கூப்பிட்டா அரை கிளாஸ் எழுந்து நிக்கும், பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். புதுப் பெயரையும் விடமாட்டார். “அர்த்தம் கிடக்கட்டும். காய்ச்சல்ல படுத்திருக்கற பிள்ளைய இப்படியா எழுப்புவீங்க?” நீளப் பெயரோடு வந்த ஒருவருக்கு மூன்றாம் தடவை கூப்பிடும்போது மூச்சு வாங்கியது. பாதியை வெட்டிக்கொண்டு போனார்.

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். கூடவே அவருடைய அக்கா.

“மௌவல்” என்றாள் மனைவி.

மேடம் தாள்களைப் புரட்டினார். ஒரு கோடுகூட இல்லை. “பூனைக்குட்டி கத்தற மாதிரி இருக்கேம்மா?”

“அது பூ மேடம், மல்லிகை வகை” என்று நான் முந்திக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“பூவோ காயோ, எங்க சனத்துல ஒருத்தர் வாயிலயும் நுழையல” என்றாள் அக்கா. “ஒருத்தி மவுலிங்கறா, ஒருத்தி மாவுங்கறா. ஊரோட ஒத்து தன்விகான்னு வைடின்னா கேக்கமாட்டேங்கறா. என் தம்பிக்குப் பேச்சே திக்கும். அவன் தலையில இதை வேற கட்டறா.”

“அப்ப அவரே கூப்பிடட்டும். ரெண்டையும்” என்றார் மேடம்.

இது கொடுமை என்று பட்டது. தடுக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கணவர் வாசலில் நின்றிருந்தார்.

“த... த... த...” கழுத்து நரம்பு புடைத்தது. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“போதும்டா, வந்துரு” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

“இன்னொண்ணு இருக்குல்ல அண்ணி” என்றாள் மனைவி.

அவர் உதடுகளை மூடினார். ‘ம்ம்’ என்று ஒரு முனகல் எழுந்தது. அது எங்கும் நிற்காமல், அப்படியே வழுக்கிக்கொண்டு பெயராக வெளியே போனது.

“மௌவல்!”

வராந்தா முழுக்கக் கேட்டது.

“வயித்துல இருந்தப்பவே நூத்துக்கு மேல பேரை அவரைச் சொல்லவச்சுப் பார்த்துட்டோம் அண்ணி. இது ஒண்ணுதான் அவருக்குத் திக்காம வருது. யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார்.”

அக்கா குழந்தையின் பக்கம் குனிந்தாள். “மாவு... மவ்... சீ, என் வாயில வசம்பத்தான் தேய்க்கணும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவர் திரும்பி வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை. வரிசையில் அடுத்து நின்றவர் விண்ணப்பத்தை நீட்டி, “மேடம், எனக்கு...” என்று ஆரம்பித்தார்.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. கண் வாசலிலேயே இருக்க, இடது கையை மட்டும் உயர்த்தி, ‘பொறுங்கள்’ என்று விரித்துப் பிடித்திருந்தார்.