அவுட் ஆஃப் சிலபஸ்!

நேத்து மத்தியானம் எங்க வீட்டுல ஒரு எக்ஸாம் நடந்துச்சு மக்களே.

எழுதினது என் பொண்ணு இல்ல. என் பொண்டாட்டி!

(மாலதி இந்த ஈமெயில் குரூப்ல இல்லங்கிற தைரியத்துல எழுதறேன். யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க!)

பொண்ணு நித்யா காலேஜ்ல செகண்ட் இயர், ப்ரீ-மெட். ஹைஸ்கூல்லேர்ந்தே சனிக்கிழமையானா ஆஸ்பத்திரிக்கு வாலண்டியரா வீல்சேர் தள்ளப் போவா. டாக்டர் ஆகணும்கிறது நாங்க திணிச்ச ஆசை இல்ல, அவளோடது.

ப்ரீ-மெட்னா, மெடிக்கல் காலேஜ்ல சேரறதுக்கு முன்னாடி பயாலஜி, ஃபிசிக்ஸ், ஜெனரல் கெமிஸ்ட்ரி எல்லாம் முடிச்சாகணும். அதெல்லாம் முட்டி மோதி எப்படியோ ஓடிடுது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கே, அங்கதான் நிறைய பேர் மூட்டையைக் கட்டிடறாங்களாம்.

அதுக்கு "வீட்-அவுட் கோர்ஸ்"னு பேராம். களையெடுக்கறதுக்குன்னே ஒரு பாடம்!

எங்க வீட்டுல மட்டும் கவலையே இல்ல. ஏன்னா மாலதி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஈரோட்ல ப்ளஸ் டூ பசங்களுக்குப் பாடம் எடுத்தவ.

இங்க ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுல உக்காந்துக்கிட்டு, ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுக்கு தினம் சாயங்காலம் போன்லயே கோச்சிங்.

"பழைய கொஸ்டின் பேப்பரெல்லாம் வாங்கிக்கோ. வரிக்கு வரி மனப்பாடம் பண்ணு. திருப்பித் திருப்பி அதையேதான் கேப்பாங்க!"

நித்யாவும் பண்ணினா, ஒண்ணு விடாம.

மிட்டெர்ம் பரீட்சைல அதுலேர்ந்து ஒரு கேள்வி கூட வரல.

நேத்து காலைல சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வந்து நின்னா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. (நல்லவேளை, நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன்.)

"மிட்டெர்ம் மார்க் வந்துடுச்சாம்மா?"ன்னு கேட்டேன்.

"ஃபார்ட்டி செவன்."

"ஐம்பதுக்கா?" (நப்பாசைதான்!)

"நூறுக்கு, அப்பா. ஐம் ட்ராப்பிங் தி கோர்ஸ். டெட்லைன் இன்னிக்கு அஞ்சு மணி. ஐம் டன் வித் ப்ரீ-மெட்."

காலேஜ் நம்பருக்கு போன் போட்டு சில பட்டனை அழுத்தினாப் போதும், கோர்ஸ் போயிடும். அதோட அவ ஆசையும்.

மாலதிக்கு அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு.

"என்னங்க, இது அவுட் ஆஃப் சிலபஸ்! நடத்தாததை எப்படிக் கேக்கலாம்? டீனுக்கு உடனே ஒரு கம்ப்ளெய்ன்ட் ஈமெயில் அடிங்க!"

"அம்மா, நோ! இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க!"

"நீ சும்மா இருடி. எங்க அந்தப் பேப்பர்? எதெது சிலபஸ்ல இல்லன்னு நானே போட்டுப் பாத்து வட்டம் போட்டுத் தரேன்."

டைனிங் டேபிள்ல உக்காந்தா. டெக்ஸ்ட்புக் ஒரு பக்கம், கேள்வித்தாள் ஒரு பக்கம்.

முதல் பத்து நிமிஷம் பேனா பறந்துச்சு. அப்புறம் மெதுவாச்சு. அப்புறம் ரப்பர் வேணும்னு பென்சிலுக்கு மாறினா.

குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு, அவ காதுலயே விழல. நான்தான் போய் அணைச்சேன்.

நித்யா சோஃபால தலைகாணியைக் கட்டிக்கிட்டு சுருண்டு கிடந்தா. விட்டுத் தொலையட்டும், குழந்தை நிம்மதியா இருக்கட்டும்னு ஒரு மனசு. ஐயோ விட்டுடாதம்மான்னு இன்னொரு மனசு. போனையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நின்னேன்.

நாலரை மணிக்கு நித்யா எழுந்து போய் போனைக் கையில எடுத்தா.

அப்பத்தான் மாலதி வாயைத் திறந்தா.

"நித்யா... எல்லாம் சிலபஸ்லதான் இருக்கு. எனக்குத்தான் தெரியல."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல "எனக்குத் தெரியல"ன்னு அவ சொல்லி நான் கேட்டதில்ல.

"மனப்பாடம் பண்ணுன்னு சொன்னது நான். இதுல மனப்பாடம் பண்ண ஒண்ணுமே இல்ல. உன்னைக் கெடுத்தது நான்தான்டி."

நித்யா போனைக் கீழ வைக்கல. காதுலயும் வைக்கல. அப்படியே வந்து அம்மா எழுதினதை எட்டிப் பாத்தா.

"அம்மா, இந்த ஆரோவை ஏன் ப்ளஸ்லேர்ந்து ஆரம்பிச்ச?"

"பின்ன எங்கேர்ந்துடி?"

"நோ, நோ! எலக்ட்ரான் எங்க இருக்கோ அங்கேர்ந்து ஆரம்பிக்கணும். லுக்..."

நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. போனை எங்கயோ வச்சா. பென்சிலைப் பிடுங்கிக்கிட்டா.

பாதி இங்கிலீஷ், பாதி உடைஞ்ச தமிழ். ஒரு கேள்வி முடிஞ்சு அடுத்தது. பரீட்சைல அவளே தப்பா எழுதின ஒண்ணை அம்மாவுக்கு விளக்கப் போய், பாதிலயே நிறுத்தி, "ஓ மை காட்"னு தன் தலையில தானே தட்டிக்கிட்டா. எனக்கு அழுகை வந்துடும் போல இருந்துச்சு.

அஞ்சாக அஞ்சு நிமிஷம். சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா அது அவ முடிவாச்சே!

"நித்யா, டைம் ஆகுதும்மா. போன் பண்ணணுமா?"

நிமிர்ந்து கூட பாக்கல.

"அப்பா, ஷ்ஷ்! அம்மாக்கு இப்பத்தான் புரிய ஆரம்பிக்குது!"