சிலேட்டில் எழுதிய வீட்டுத் தெலுங்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அந்த டீக்கடைக்காரன் தமிழில் பதில் சொன்னதை சீனிவாசலு இன்றுவரை மன்னிக்கவில்லை. வருசம் எத்தனையோ ஓடிவிட்டது. அந்த ஆளுக்கு இவர் முகம்கூட நினைவிருக்காது. இவருக்கு அவன் போட்டிருந்த பனியன் வரைக்கும் நினைவிருக்கிறது.

கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஏறி, ராத்திரி முழுக்கக் குலுங்கிப்போய் இறங்கியவர்கள், அக்காவும் தம்பியும். ரெண்டு டீ, சர்க்கரை கம்மி என்று தெலுங்கில்தான் கேட்டார்கள். அவன் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "உட்காருங்க, தரேன்" என்று தமிழில் சொன்னான். கேலி செய்திருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவன் செய்தது உபசாரம். சிங்காநல்லூரில் இவர்கள் தெலுங்குக்காரர்கள், திருப்பதியில் தமிழ்க்காரர்கள். எங்கே போனாலும் மரியாதையாக வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று சீனிவாசலுக்கு வயிறு எரிந்தது.

அக்கா ரங்கநாயகிக்கு எரியவில்லை. டீயை நிதானமாகக் குடித்தாள். எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், ஒண்ணாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகமும் ஒரு சிலேட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவள் அவள். பாவாடை தாவணி வயசில் மில்லுக்குப் போனவள், மில்லை மூடுகிறவரை கைநாட்டு வைத்தே சம்பளம் வாங்கினாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு தீபாவளிகூடப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டாள். வாழாத அக்கா இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை, தம்பிக்கும் தகையாமலே போயிற்று. அப்பா அம்மா போனார்கள். சொந்தபந்தமெல்லாம் பிள்ளைகளோடு தமிழுக்கு மாறிவிட்டது. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் நாளெல்லாம் தமிழ் பேசிவிட்டு, கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சீனிவாசலு வாயில் தெலுங்கு வரும். அதைக் காதில் வாங்க ஒரே ஆள், அக்கா.

எழுத்துக் கற்றுக்கொள்வதென்றால் தமிழைக் கற்றுக்கொள், பஸ் போர்டாவது படிக்கலாம் என்று அஞ்சாம் வகுப்புப் படித்த திமிரில் அவர் சொன்னார்.

"தமிழுக்குத்தான் நீ இருக்கறயே," என்றாள் அவள். "ஊரைப் படிக்க நீ. ஊட்டைப் படிக்க நான்."

ஃபோனில் வீடியோ போட்டு வைத்து, கூடவே சொல்லிச் சொல்லி எழுதினாள். எழுத்தெல்லாம் ஜிலேபி சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்பாள். பால்காரன் கணக்கு, வீட்டுச் சாமான் பெயர், பக்கத்து வீட்டு டெய்சி மேல் இருக்கிற குறை எல்லாம் சிலேட்டில் ஏறும், அழியும். சீனிவாசலு எட்டிப் பார்த்ததில்லை. வாய் இருக்கிறவள் எழுதி என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தார்.

அந்த வாய்தான் போயிற்று. தொண்டை கரகரவென்றது. மில் பஞ்சு உள்ளே போனதுதான் என்று கஷாயம் போட்டுக் குடித்துக் காலத்தைக் கடத்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று என்றார்கள், குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்த மறுநாள் காலை, எழுதுவது போல அவள் கையை ஆட்டினாள். டெய்சி புரிந்துகொண்டு சிலேட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவள் எழுதினாள், தம்பிக்குத் திருப்பிக் காட்டினாள். சீனிவாசலு பார்த்தார். ஜிலேபி ஜிலேபியாகத் தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, ஃபோன்ல காட்டுனா அதே படிச்சுச் சொல்லிப்போடுமுங்க," என்று டெய்சி தன் ஃபோனைப் பிடித்தாள். ஃபோன் ஏதோ ராஜா, ஏதோ மலை என்று உளறியது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரங்கநாயகி வாயில் வருகிறபடிதான் எழுதுவாள். ஒரு சொல் தெலுங்கு, அடுத்த சொல் கோயமுத்தூர்த் தமிழ், ரெண்டுக்கும் தெலுங்கு எழுத்து.

அடுத்த கட்டிலில் படுத்திருந்த அம்மாளின் புருசன் குண்டூர்க்காரர், மகனுக்கு இங்கே கம்பெனி வேலை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் படிக்கிறேன் என்று சிலேட்டை வாங்கினார். கூட்டிக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. சீனிவாசலுக்கோ முதல் வரியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி ராத்திரி பூரா குறட்டை விடுகிறாள், எருமை மாடு மாதிரி, வேறு கட்டில் கேளு. இதைத்தான் அந்த மனுசன் தன் பெண்டாட்டியைப் பற்றி வார்டே கேட்க வாசித்துக்கொண்டிருந்தார். என்ன அர்த்தம் என்று அவர் கேட்டபோது, தண்ணி கேட்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தார் சீனிவாசலு. ரங்கநாயகியின் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பை அன்றுதான் அவர் முதலில் பார்த்தார்.

படிக்கத் தெரிந்தவருக்குப் புரியவில்லை. புரிகிறவருக்குப் படிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரிந்தது. வாசிக்க ஆள் இல்லை. செருப்பைக் கழற்றும்போது அவர் தெலுங்கில் ஏதாவது சொல்வார், அது சுவரில் பட்டு அவரிடமே திரும்பும். அவள் எழுதிக் காட்டுவாள். சரி சரி என்று தலையாட்டுவார். எதற்கும் தலையாட்டினார்.

ஒருநாள் அவள் எழுதிக் காட்டினாள், அவர் தலையாட்டினார். அவள் எழுந்து போய் அவருடைய மொபெட் சாவியை எடுத்து டெய்சியின் கையில் கொடுத்துவிட்டாள். டெய்சி முழித்தாள், சீனிவாசலும் முழித்தார். வண்டியை டெய்சிக்குக் கொடுத்துவிடட்டுமா என்றுதான் அவள் எழுதியிருந்தாள் என்பது கையைக் காலை ஆட்டி விளக்கியபோது புரிந்தது. டெய்சி விழுந்து விழுந்து சிரித்தாள். ரங்கநாயகியும் தோள் குலுங்கினாள். பிறகு குலுக்கம் நின்றது. சிலேட்டை முந்தானையால் துடைத்து, எழுதும் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

அடுத்த நாள் சீனிவாசலு பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, அந்த ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து அவள் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

சொல்லிக்கொடுக்கிறவளுக்குச் சத்தம் இல்லை. அவள் எழுத்தைத் தொடுவாள், இவர் ஒரு சத்தம் சொல்லிப் பார்ப்பார். சரியென்றால் கண்ணை மூடித் திறப்பாள். தப்பென்றால் தொடையில் கிள்ளு. தமிழில் ஒரே க, அங்கே நாலு. இவர் வாய் ஒரே 'க'வைத்தான் நாலு இடத்திலும் சொன்னது, தொடை கன்றிப்போயிற்று. செம்புக் கம்பியை முடி பிசகாமல் சுற்றுகிற விரல், சாக்பீஸைப் பிடித்தால் வளைவையெல்லாம் கோணலாக இழுத்தது. இந்த வயசில் இது தேவையா என்று ரெண்டு தரம் புத்தகத்தை வீசியெறிந்தார். ரெண்டு தரமும் தானே எழுந்து போய் எடுத்துவந்தார். அதை விட்டால் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

உப்பு என்பதை முதலில் படித்தார். மழைக்காலம் முடிகிற சமயத்தில், விரலை வைத்துக் கூட்டினால் ஒரு வரி தேறியது. டெய்சி தன் பிள்ளைக்குக் குழம்பு வாங்க வந்தவள், "என்னங்கண்ணா, பரிட்சைங்களா?" என்று சீண்டிவிட்டுப் போவாள். பரிட்சைதான். அக்கா எழுதி முடிப்பதற்கும் இவர் படித்து முடிப்பதற்கும் நடுவில் சோறு ஆறிப்போகும். இருந்தாலும் பதில் சரியாக வரும். சில நாள் சண்டைகூட வந்தது. சண்டை போட முடிந்ததில் ரெண்டு பேருக்கும் சந்தோசம்.

தை பிறந்ததும் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இந்தத் தடவை அறுக்க இடமில்லை என்றார்கள். பழைய வார்டுதான், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சீனிவாசலு பட்டறையைப் பூட்டிப்போட்டுவிட்டு வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தார். குளித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. தலைமுடி காதை மூடிச் சட்டைக் காலரில் புரண்டது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. மத்தியானக் கஞ்சியை அவள் வேண்டாமென்று ஒதுக்கினாள். அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு சிலேட்டைக் கேட்டாள். கை தாழ்ந்து தாழ்ந்து போனது, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இடையில் ரெண்டு தரம் சாக்பீஸ் நழுவி விழ, அவர்தான் எடுத்துக் கொடுத்தார். எழுதி முடித்து மார்பின் மேல் நிமிர்த்தி வைத்தாள்.

சீனிவாசலு குனிந்தார். விரலை வைக்கவில்லை. கூட்டவும் இல்லை. அவள் குரலிலேயே அது காதில் விழுந்தது.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, சலூன் இருக்காது. இப்பவே போய் முடி வெட்டிக்கிட்டு வா. அப்புறம் என் காரியம் முடியற வரைக்கும் நீ வெட்டக்கூடாது. நாலு பேரு வர்ற எடத்துல இப்பிடிப் பரதேசியாட்டம் நிக்காதே."