கோதுமைக்குப் பிறகு பால், பாலுக்குப் பிறகு பருப்பு

கோதுமை உனக்கு ஆயுளுக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. அழுதது என் கணவர்தான். அவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார், வீடும் பக்கத்திலேயே. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது எனக்காகச் சூடான பாவ் ரொட்டி வாங்கி வருவது வழக்கம். இனி யாருக்கு வாங்குவது என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷமாக வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளுக்கு, கடைசியில் அந்தத் தொல்லையின் பெயர் தெரிந்துவிட்டது. சீலியாக். கோதுமையில் இருக்கிற ஒரு புரதம் உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்குகிற நோய். இதற்கு மாத்திரை கிடையாது, கோதுமையை விடுவதுதான் வைத்தியம். சோறு தின்று வளர்ந்தவள்தானே, விட்டால் போகிறது என்று நினைத்தேன்.

பம்பாயில் கோதுமையை விடுவது எப்படிப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் சமோசா வரும், கேக் வரும். ரயிலில் பக்கத்தில் இருப்பவள் டப்பாவைத் திறந்தால் சப்பாத்தி. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா கலக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, ஒரு சிட்டிகைப் பொடியைப் பார்த்துக் கத்தினேன். எதை நீட்டினாலும் இதில் என்ன போட்டீர்கள், எந்தச் சட்டியில் செய்தீர்கள் என்று போலீஸ்காரி மாதிரி விசாரிக்கப் பழகிக்கொண்டேன். கொஞ்ச நாளில் எனக்கு யாரும் எதையும் நீட்டுவதில்லை.

ஒரே ஆறுதல் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் சஹன் வைப்பார்கள். சஹன் என்றால் அகலமான பெரிய தாம்பாளம். நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியும் பருப்பும் ஊற்றி, பாயின் நடுவில் வைப்பார்கள். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். யார் யாரோடு சஹனில் உட்காருகிறார்கள் என்பதை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மனஸ்தாபம் இருப்பவர்கள் ஒன்றாக உட்கார மாட்டார்கள். உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். நானும் லாத்தாவும் எந்தக் கல்யாணத்திலும் ஒரே சஹன்தான். லாத்தா என்று நான் கூப்பிடுவது செம்பூரில் இருக்கும் என் அக்காவை. எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தச் சஹனில் கோதுமை கிடையாது. அதில் மட்டும் நான் எதையும் விசாரிக்காமல் கை வைப்பேன். நோய்க்காரி என்ற நினைப்பே அப்போது இருக்காது.

லாத்தாவைப் பார்த்தால் நோய் எனக்கு வந்ததா அவளுக்கு வந்ததா என்று சந்தேகம் வரும். தன் வீட்டு ரவையையும் சேமியாவையும் மைதாவையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைப் போடுகிறான் என்று மில்காரனிடம் சண்டை போட்டு, எனக்கென்று தனி மிக்ஸி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அவள் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரத்தம் ஊறியது, கன்னத்தில் சதை பிடித்தது. கணவர் என்னைப் பார்த்து மறுபடியும் கிண்டல் பேச ஆரம்பித்தார். அப்படி நன்றாக இருந்த காலத்தில்தான் லாத்தாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

"நீ, நானு, மாப்பிள்ளையோட உம்மா, எல்லாரும் ஒரே சஹன்ல உக்காருதோம். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் வந்து அங்க இங்க ஓடக்கூடாது" என்றாள் லாத்தா.

எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. சம்பந்தி வீட்டோடு சேர்ந்து உட்காரும் முதல் சஹனில் என்னையும் லாத்தா உட்கார வைக்கிறாள் என்றால், இவளும் பெண்ணுக்குத் தாய்தான் என்று நாலு பேருக்குச் சொல்கிறாள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கல்யாணத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே வயிறு மறுபடியும் ஆரம்பித்தது. அதே உப்புசம், அதே ஓட்டம், அதே களைப்பு. வகுப்பில் பாதிப் பாடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது.

முதலில் எல்லோரும் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். "வெளிய என்னமும் தின்னியா? உண்மையச் சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் கணவர். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாஹர் குச் காயா?" என்று அதையே கேட்டார். திருடியைக் கேட்பது போலவே கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் முகத்தில் பரிதாபம் கூடியது. எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தின்றுவிட்டாவது கெட்ட பெயர் வாங்கியிருக்கலாம்.

லாத்தா மட்டும் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அவள் மகன்கள் ராத்திரிதோறும் கடைப் பரோட்டா வாங்கிவந்து கல்லில் சூடு பண்ணிச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கல்லிலிருந்தோ, அந்தத் துணியிலிருந்தோ, தன் நகக்கண்ணிலிருந்தோ கோதுமை எனக்குப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் பரோட்டா நின்றது. பையன்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள்; சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. "என் கையாலயே உனக்கு விஷம் வைக்கேனே புள்ள" என்று ஒருநாள் உட்கார்ந்து அழுதாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்தார். கோதுமை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் ரத்தத்தில் தெரியும் என்றார். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே லாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"அப்ப என் கை இல்ல?" என்றாள்.

"உன் கை இல்ல லாத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். என் கை இல்ல, என் கை இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கோதுமை இல்லை என்றால் வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ, நான் நம்பி வாயில் போட்டுக்கொண்டிருக்கும் சாப்பாட்டில்தான் இருக்கிறது. லாத்தா விடுதலையானாள், நான் இன்னும் உள்ளேயே இருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு மராத்திப் பெண் இருந்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி. சீலியாக்கால் புண்பட்ட குடலுக்கு வேறு சிலதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். சோறு, பூசணிக்காய், கேரட், முட்டை, உப்புப் போட்டுப் பொரித்த மீன். அவ்வளவுதான். வயிறு அடங்கியது. அதன் பிறகு ஒரு தம்ளர் பால் குடித்துப் பார்க்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. "தூத் பந்த்" என்றாள். பாலோடு காலை டீ போயிற்று, தயிர்ச்சோறு போயிற்று. சில நாள் கழித்துப் பருப்பு. அதுவும் பந்த்.

கடைசியாக வெங்காயமும் பூண்டும். அதை மட்டும் சோதிக்க வேண்டாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எங்கள் வீட்டில் தண்ணீர்தான் கொதிக்க வைக்கத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடும் என்ற நப்பாசை. கணவர்தான் ஒரு லீவு நாளில் வெங்காயத்தை வதக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். வாசனைக்கே எனக்கு நாக்கு ஊறியது. ருசித்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். அவர் சமையலறையில் கூடையில் இருந்த வெங்காயத்தையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஐயர் வீட்டு டீச்சர், "இதுக்கா கவலைப்படறேள்? எங்காத்துல வெங்காயம் பூண்டு இல்லாமத்தானே பாதிச் சமையல்" என்று ஆசையாக ஒரு டப்பா கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். வெங்காயம் இல்லை. பருப்பு இருந்தது, தயிர் இருந்தது, பெருங்காயம் கமகமவென்று மணத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அப்புறம் அவர் கழிப்பறைப் பக்கம் போய் அழுதிருக்கிறார், வேறொரு டீச்சர் சொன்னார். எனக்காக அழ ஊரில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் முடியவில்லை.

கல்யாணம் தேவ்நாரில் ஒரு ஹாலில் நடந்தது. சமையல்காரர் ஊரிலிருந்து வந்திருந்தார். எனக்கென்று தனியாக ஆக்கச் சொல்கிறேன் என்று லாத்தா அவரிடம் போய் நின்றபோது நான் தடுத்துவிட்டேன். தனியாக ஆக்கினால் தனித் தட்டு, தனித் தட்டில் என்ன இருக்கிறது? வீட்டிலேயே என் பூசணிக்காய்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். பாய் விரிக்கும் நேரத்தில் நான் மெல்ல நாற்காலிப் பக்கம் நகர்ந்ததை லாத்தா பார்த்துவிட்டாள்.

"சாப்பிடாட்டி பரவால்ல. வந்து உக்காரு. அது உன் எடம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உட்கார்ந்தேன். லாத்தா, நான், மாப்பிள்ளையின் உம்மா, மாப்பிள்ளையின் பெரியம்மா. சஹன் வந்தது. ஆவி பறக்கும் நெய்ச்சோறு, மேலே வழிகிற கறி. பிஸ்மி சொல்லி எல்லோரும் கை வைத்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எடுங்க" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஒத்துக்காது."

"ஒரு வாய் எடுங்க, பேருக்கு."

அந்தப் பேருக்கு ஒரு வாய் எடுத்தாலே எனக்கு ரெண்டு நாள் போய்விடும் என்று எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே மறுபடியும் மறுத்தேன். பெரியம்மா கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டு லாத்தாவிடம் குனிந்து, தாழ்ந்த குரலில், "தங்கச்சிக்கு இந்தச் சம்பந்தத்துல மனக்குறையா?" என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது.

லாத்தா பதறிப்போய்விட்டாள். இல்லவே இல்லை என்று ஆரம்பித்து, கோதுமை, பால், பருப்பு, வெங்காயம், என் குடல், என் வயிற்றோட்டம், ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் அந்தச் சோற்றுக்கு முன்னால் வைத்துச் சொன்னாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அவர்கள் நல்லவர்கள், பாவம், உச்சுக்கொட்டிக் கேட்டார்கள். ஆனால் கேட்ட பிறகு யாருக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பசித்தவளை எதிரில் வைத்துக்கொண்டு எப்படித் தின்பது? மாப்பிள்ளையின் உம்மா ஓரத்தில் நாலு வாய் எடுத்துவிட்டுக் கையை உதறினார். லாத்தா சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மற்றச் சஹன்களில் கறி போதாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சஹன் முக்கால்வாசிச் சோற்றோடு திரும்பிப் போனது. எடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "கறி நல்லால்லியா?" என்று கேட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. நோய் வந்த இத்தனை வருஷத்தில் உடம்பு என்னை எவ்வளவோ படுத்தியிருக்கிறது, இப்படிப் படுத்தியதில்லை. லாத்தா தன் ஒரே மகள் கல்யாணத்தில் பட்டினியாக எழுந்தாள்.

அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போகிறேன். எனக்கான சோற்றைத் தனியாக வடித்துவைத்திருப்பாள். நான் முதலில் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்கள் சாப்பிடுவார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை, அப்படி ஆகிவிட்டது.

போன மாதம் மாஹிமில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நிக்காஹ் முடிந்து, துஆ முடிந்து, பாய்களை விரிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் ஜோடி சேர்ந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பர்ஸை எடுத்துக்கொண்டு, "நான் கெளம்புதேன் லாத்தா" என்றேன்.

தன் வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூட எதையாவது தின்ன வைக்காமல் அனுப்பாதவள் என் லாத்தா. விரித்த பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி புள்ள. பாத்துப் போ" என்றாள். என்னோடு கீழே இறங்கி வந்து, டாக்ஸியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, தாராவிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று டிரைவருக்குச் சொன்னாள். வண்டி கிளம்பியதும் திரும்பி வேகமாகப் படியேறினாள். மேலே சஹன் வைக்க ஆரம்பித்திருப்பார்கள்.

அவள் செய்தது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். இரு, சாப்பிட்டுட்டுப் போ என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். மறுப்பதற்காகவாவது அவள் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.