ஒன்றாம் வகுப்பில் ஒரு பாய்

குழந்தைகள் காப்பகத்துக்கும் தொடக்கப் பள்ளிக்கும் நடுவே ஒரே ஒரு மதில். அதில் ஓர் இரும்புக் கதவு. தாழ்ப்பாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள், ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் வரிசையாக அந்தக் கதவைத் தாண்டிப் போவார்கள். காப்பகத்துச் சின்னம்மா கடைசிப் பிள்ளையின் காலரைச் சரிசெய்து அனுப்பிவிட்டு இந்தப் பக்கமே நின்றுவிடுவாள்.

சின்னம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் சளி துடைத்து, பொத்தான் போடப் பழக்கி, கடித்தவனுக்கும் கடிபட்டவனுக்கும் சமாதானம் பேசி வளர்த்த பிள்ளைகள், மறு மாதமே தெருவில் அவளைப் பார்த்தும் பாராமல் போவார்கள்.

"பெரிய கிளாஸ் போயிட்டாங்கல்ல? இனிமே முன்கூட்டியே சொல்லிட்டுதான் பார்க்கப் போகணும்" என்று பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் சீண்டுவார்.

அவளும் சிரிப்பாள். ஆனால் மதிலுக்கு அப்பால் காலை மணி அடித்தால் அவள் கைவேலை நின்றுவிடும். ஒன்றாம் வகுப்புச் சன்னலிலிருந்து கலவையாக வரும் குரல்களில் தன் பிள்ளையின் குரல் ஒன்றாவது பிடிபடுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் அவர்களோடு உட்கார்ந்துவிட வேண்டும். வேறு எதற்கும் அவள் இப்படி ஏங்கியதில்லை.

அந்த ஆண்டு தேசியப் பாடத்திட்டத்தைத் திருத்தியவர்கள், ஒன்றாம் வகுப்பின் முதல் பருவத்தைக் காப்பக ஊழியர்களின் பயிற்சியோடு இணைத்தார்கள். பயிற்சி வகுப்புகளை முடித்தவர் தன் பிள்ளைகளுடனேயே வகுப்புக்குள் போய் ஒரு பருவம் இருக்கலாம்; தேறினாரா என்பது அந்தப் பருவத்தின் முடிவில்தான் தெரியும். சின்னம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

"இந்த வயசுல பரீட்சையா? பிட்டு அடிச்சு மாட்டிக்காத தாயே" என்றார் கணவர்.

"நான் பாஸ் பண்ணினா ஒரு வாரம் உங்க சமையல்தான்."

"அப்போ நீ ஃபெயில் ஆகணும்னு இன்னிலேர்ந்து வேண்டிக்கிறேன்."

பயிற்சியில், தட்டுக்கு ஒரு கரண்டி வைக்கும் பிள்ளை ஒன்றாம் வகுப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டது என்று சொல்லிக்கொடுத்தார்கள். களிமண் உருட்டும் விரல்தான் பிறகு பென்சில் பிடிக்கும் என்றார்கள். ஒவ்வொன்றும் அவளுக்கு இனித்தது. கடைசி வகுப்பில் பயிற்சியாளர் அம்மா, காப்பகத்தில் அவர்கள் பிள்ளைகளோடு உட்காரும் பாயைப் பற்றிச் சொன்னார்.

"உங்க பாய் உங்களோட வகுப்புக்கு வரும். முதல்ல பிள்ளைங்க பக்கத்துல போடுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பின்னால நகர்த்துங்க. கடைசியில வாசலுக்கு வெளியே. உள்ள போறதுக்கு இல்லம்மா இந்தப் பயிற்சி, வெளியே வர்றதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளோடு அவள் இரும்புக் கதவைத் தாண்டிய நாளில், ஒன்றாம் வகுப்பு டீச்சர் முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"நான்தான்!" என்று கத்தினான் பையன்.

அடுத்த பெயருக்கும் "நான்தான்!"

"என்னம்மா இது, திருடன் ஒத்துக்கிற மாதிரி சொல்றாங்க?" என்று டீச்சர் விழித்தார்.

சின்னம்மாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. காப்பக வாசலில் தினமும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் "யாரு வந்திருக்கா?" என்று கேட்பாள், அதற்கு அவர்கள் சொல்லும் பதில் அது. விளக்கிச் சொன்னதும் டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனாலும் சில வாரங்களில் ஒவ்வொரு வாயாக "உள்ளேன் டீச்சர்" என்று மாறிப்போயிற்று. முணுமுணு ஒருத்திதான் மாறவில்லை. காப்பகத்தில் எல்லோரும் செல்லமாக அப்படிக் கூப்பிட்ட சிறுமி அவள். தன் பெயர் வந்தால் பாய்க்கு ஓடிவந்து சின்னம்மாவின் காதுக்குள் "நான்தான்" என்பாள். சின்னம்மா நிமிர்ந்து, "வந்திருக்கா டீச்சர்" என்பாள்.

பருவம் முடியும் தறுவாயில் டீச்சர் தனியாகக் கூப்பிட்டார்.

"இவ என்கிட்ட வாயே திறக்கலைன்னா இன்னும் ஒரு வருஷம் காப்பகத்துக்கே அனுப்பிடலாம்னு ஹெச்.எம். சொல்றார். பாவம், உங்களுக்குத்தான் சுமை."

சுமையா? சின்னம்மாவுக்கு நெஞ்சு துள்ளியது. ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, அந்தக் கதவு வழியாகத் திரும்பி வரப்போகிறது! வாரத்துக்கு ஓரடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த பாயை அந்த வாரம் அவள் நகர்த்தவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் கிண்டல் செய்யவில்லை.

"என் பஸ்ல ஒருத்தர் வருவார். எனக்குப் பின்னாடி சீட்ல உட்கார்ந்து நல்லாப் பேசுவார். அவர் ஸ்டாப் வர்றதுக்குள்ள தூங்கிடுவார்."

"எழுப்புவீங்களா?"

"எழுப்பலைன்னா, கடைசி ஸ்டாப்ல முழிச்சு, திரும்பி வர்ற வழியெல்லாம் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும்தான். ஆனா அவரு வீடு அவர் ஸ்டாப்லதானே இருக்கு? எழுப்பிடுவேன்."

மறுநாள் இடைவேளையில் பிள்ளைகள் கட்டம் போட்டு நொண்டியாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற முணுமுணு, யார் எந்தக் கட்டத்தில் குதித்தாலும் உதட்டசைவில் எண்ணினாள். ஒரு கால் தானாக உயர்ந்தது. உடனே திரும்பி, வகுப்புக்குள் பாய் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. காலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னம்மா அதைக் கவனித்தாள். அடுத்த நாள் மணி அடிக்கும் முன்பே பாயை எடுத்துப்போய், வாசலுக்கு வெளியே, சுவர் மறைக்கும் இடத்தில் விரித்தாள்.

டீச்சர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பெயரும் வந்தது. சத்தமில்லை. பெஞ்சு நகரும் ஓசை கேட்டது. இதோ ஓடி வரப்போகிறாள் என்று சின்னம்மாவின் காது தானாகவே சாய்ந்தது. டீச்சர் அவசரப்படாமல் இன்னொரு முறை கூப்பிட்டார்.

"நான்தான் டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. சிரிப்புக்கு மேலே அதே குரல் இன்னும் உரக்கக் கேட்டது. "நான்தான், நான்தான்! உள்ளேன்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இத்தனை காலம் தேடிய குரல் இன்று தெளிவாகப் பிடிபட்டது. இடைவேளை மணி அடித்ததும் முணுமுணு அவளைக் கடந்து ஓடினாள். பாயின் ஓரத்தை மிதித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நேரே கட்டத்துக்குப் போய் ஒற்றைக் காலைத் தூக்கினாள்.

மாலையில் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தவளிடம் கணவர் கேட்டார்.

"பேசினாளா?"

"பேசினா."

"உன்னைத் திரும்பிப் பார்த்தாளா?"

"இல்ல."

"அப்போ பாஸா?"

"பாஸ்தான்" என்றாள். பாயைக் கீழே வைக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவர் அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.