பேசாமல் போன ராசா

சந்தியில் திரும்பும்போது அபுல் ஹஸன் முச்சக்கரவண்டியின் வேகத்தைக் குறைத்து, இடது கையால் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுவருகிறார். "அன்பார்ந்த பொதுமக்களே, நாளை காலை எட்டு மணி முதல் நீர் விநியோகம் தடைப்படும்." கேட்டவர்கள் உடனே வாளியைத் தேடுகிறார்கள். காணாமற்போன ஆடு, கண் பரிசோதனை முகாம், பாலர் பாடசாலை அனுமதி என்று எல்லாவற்றையும் கல்முனைக்குடியிலிருந்து அட்டாளைச்சேனை வரை அறிவித்துத் திரிவதுதான் அவர் தொழில். வீட்டில் மட்டும் கிசுகிசுப்பார். சோறு கேட்டால்கூட மனைவி அஸீஸா அருகே வந்து காதைக் கொடுக்க வேண்டும்.

ஊர்க் கலைவிழாவில் பதினாறு வருடங்களாக அவர்தான் கண்டியின் கடைசி ராசா. நாடகத்தை எழுதியவரும் அவரே. கரையோரம் முழுவதும் வெள்ளைக்காரன் கைக்குப் போன பிறகும் மலைநாட்டை விட்டுக்கொடுக்காமல் நின்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கதை அது. சொந்தப் பிரதானிகளே எதிரியோடு சேர்ந்துவிட, 1815இல் ஒளிந்திருந்த வீட்டிலிருந்து இழுத்துக் கட்டப்பட்டு, பிறகு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டவன்.

"போத்துக்கீசன் தொரத்தின நேரம் நம்மட முஸ்லிம் ஆக்களுக்கு இஞ்ச இடம் தந்தது கண்டி அரசு. அதுட கடைசி ராசாவ நாம மறக்கலாமா?" என்று தேநீர்க்கடையில் கேட்பார். கடைசிக் காட்சியில் கட்டுண்ட ராசா இரண்டு பக்க வசனம் பேசுவார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல் விழும்.

சென்ற வருடம் அந்தக் குரல் கம்மியது. இஞ்சி, தேன், கொத்தமல்லித் தண்ணீர் எதற்கும் தேறவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கருவி விட்டுப் பார்த்த டொக்டர், சிறு கட்டி இருப்பதாகச் சொல்லி ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வாயே திறக்கக்கூடாதாம். என்ன நோயாக இருக்கலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதன் பெயரை எவரும் சொல்லவில்லை.

கலைவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நாடகத்தில் ராசாவைப் பிடிக்கவரும் கூட்டத்தின் தலைவன் மருந்துக்கடை றிஸ்மி. வேறு ஆளைப் போடலாம், இல்லாவிட்டால் திரைக்குப் பின்னால் நின்று தானே வசனத்தை வாசிக்கிறேன் என்றார். அபுல் ஹஸன் கொப்பியில் ஒரே வரி எழுதிக் காட்டினார்: ராசா பேசாமல் போகட்டும்.

அப்படியே நடந்தது. முந்தைய காட்சிகளில் மற்றவர்கள் பேசினார்கள். அவர் தலையசைத்தார், கைகாட்டினார். கடைசியில் றிஸ்மியின் ஆட்கள் அவரை வெளியே இழுத்து, கைகளைப் பின்னால் வளைத்துக் காட்டுக்கொடியால் கட்டினார்கள். வசனம் வரவேண்டிய இடத்தில் அவர் கட்டுபவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்த பயம் நடிப்பில்லை என்று பக்கத்தில் நின்ற றிஸ்மிக்குத் தெரிந்தது. அவர்கள் மேடையை விட்டு இறங்கியபின்னும் எவரும் கைதட்டவில்லை. ஊரே எழுந்து நின்றது.

"புடிபட்ட நேரம் அந்த மனிசனுக்கு வசனமா வந்திருக்கும், மச்சான்?" என்று பிறகொருநாள் அபுல் ஹஸன் றிஸ்மியிடம் கொப்பியில் எழுதிக் கேட்டாராம். "பயம்தான் வந்திருக்கும். இத்தின வருசமா நான் கத்திக் கத்தி அத மறைச்சுப் போட்டன்."

கலைவிழா முடிந்து எட்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. தாளைப் படித்த டொக்டரிடம் அஸீஸாதான் அந்தச் சொல்லை முதலில் சொன்னார்.

"கென்சர் இல்லதானே, டொக்டர்?"

"இல்ல. கத்திக் கத்தி வந்த கட்டி. மருந்தெடுத்து ஒரு மாசம் மெல்லக் கதைக்கட்டும். பொறகு அவர்ட வேலைக்குப் போகலாம்."

அஸீஸா நன்றிகூடச் சொல்லாமல் கதவு வரை போய், திரும்பிவந்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். டொக்டரும் அதே பதிலை மறுபடி சொன்னார்.

மருந்துக்கு வரிசை நீளமாக இருந்தது. அஸீஸா மருந்து எழுதிய துண்டைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, பல நாளாகக் கண்ணை மூடாத அபுல் ஹஸன் வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போயிருந்தார். தலை பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் சாய்ந்திருந்தது, குறட்டை வேறு. அந்த மனிதர் சங்கடத்தோடு மெல்ல நகரப் பார்த்தார். அஸீஸா உள்ளங்கையை உயர்த்தி, அசையாதீர்கள் என்று சைகை காட்டினார்.